குரூஸ் கப்பலில் கைக்காசு: கட்டணத்தில் பணத்தை இழக்காமல் ரொக்கம் எடுப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கப்பலில் எல்லாமே கார்டுதான் என்கிறார்களே, ரொக்கம் எதற்கு?

கப்பலுக்குள் அநேகமாகத் தேவைப்படாது. ஏறும்போது ஒரு கேபின் கார்டு தருவார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், பாரில் நீட்டுவதும் அதுதான். செலவெல்லாம் உங்கள் கப்பல் கணக்கில் ஏறி, கடைசி நாளில் நீங்கள் பதிவுசெய்த கிரெடிட் கார்டில் கழியும். ஊழியர்களுக்கான டிப்ஸ்கூடப் பெரும்பாலான நிறுவனங்களில் நாள் கணக்கில் தானாகவே சேர்ந்துவிடும்.

ரொக்கம் வேண்டியிருப்பது கரையில். துறைமுக டாக்ஸி, மினி பஸ், கடற்கரையில் நாற்காலி வாடகை, சந்தைக் கடை, சுற்றுலா வழிகாட்டிக்கு டிப்ஸ், கழிப்பறைக்கு நாணயம் என்று வரிசையாக வரும். கப்பலில் ஏறும் நாளன்று பெட்டியைத் தூக்கிக்கொடுக்கும் போர்ட்டருக்கும் கொடுக்க வேண்டும். எல்லாம் சின்னச் சின்னத் தொகைகள். கட்டணம் கடிப்பதும் அதனால்தான்: சின்னத் தொகையை அவசரத்தில் எடுக்கும்போதுதான் சதவீதக் கணக்கில் அதிகம் போகும்.

அப்படியானால் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

பயண நாள்களைக் கணக்கில் எடுக்காதீர்கள், இறங்கும் துறைமுகங்களை எண்ணுங்கள். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் மூன்று கேள்விகள் போதும். டாக்ஸிக்கு ரொக்கம்தானா? மதியச் சாப்பாடு கரையிலா, கப்பலிலா? வழிகாட்டியோடு போகிறீர்களா? இந்த மூன்றையும் கூட்டி, மேலே கால் பங்கு சேர்த்துக்கொண்டால் போதும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவையே முன்பதிவு செய்திருந்தால் அந்தத் துறைமுகத்துக்கு டிப்ஸ் பணம் தவிர அதிகம் தேவையில்லை. நிறுவனங்களின் சொந்தத் தனியார் தீவுகளில் பொதுவாகக் கேபின் கார்டே செல்லும். உள்ளூர் கைவினைக் கடைக்காரர்கள் அங்கே கடை போட்டிருந்தால் மட்டும் காசு கேட்பார்கள்.

இந்தத் தொகையை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே உங்கள் வங்கியிலோ, உங்கள் வங்கி ஏடிஎம்மிலோ எடுத்துவிடுவதுதான் எல்லா வழியிலும் மலிவானது. வெளிநாட்டு நாணயம் தேவையென்றால் சில நாள் முன்னதாகவே வங்கியிடம் சொல்லிவையுங்கள். எல்லாக் கிளையிலும் கையிருப்பு இருக்காது. விமான நிலையத்துப் பணமாற்றுக் கவுன்ட்டரை நம்பிக் கிளம்பாதீர்கள். 'கமிஷன் இல்லை' என்று பலகை வைத்திருப்பார்கள், கமிஷன் மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும்.

சில நாடுகளில் சூப்பர்மார்க்கெட்டில் டெபிட் கார்டால் பொருள் வாங்கும்போது கூடுதலாக ரொக்கமும் கேட்டு வாங்கலாம், பல கடைகளில் கட்டணம் கிடையாது. ஆனால் பெரும்பாலும் அந்த நாட்டு வங்கி கொடுத்த கார்டுக்குத்தான் இந்த வசதி. எனவே இதையும் கப்பல் ஏறுமுன் முடித்துக்கொள்ள வேண்டும்.

கப்பல் ஏடிஎம்மில் எடுத்தால் மொத்தம் எவ்வளவு போகும்?

ஒரு கட்டணம் அல்ல, மூன்று. முதலாவது, இயந்திரத்துக்காரர் வாங்குவது. திரையில் காட்டுவது இதை மட்டும்தான். பல கப்பல்களில் ஒரு தடவைக்கு 5 டாலருக்கு மேல் இருக்கும். இரண்டாவது, அடுத்தவர் ஏடிஎம்மில் எடுத்ததற்கு உங்கள் வங்கி போடும் கட்டணம். மூன்றாவது, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம். பல வங்கிகளில் 1 முதல் 3 சதவீதம் வரை. பின்னிரண்டும் திரையில் வராது, ஸ்டேட்மென்ட்டில்தான் தெரியும்.

ஒரு மாதிரிக் கணக்கு. இயந்திரத்துக்கு 6 டாலர், உங்கள் வங்கிக்கு 5 டாலர், அதற்கு மேல் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 40 டாலர் எடுத்தால் கட்டணம் 12 டாலர் சொச்சம், அதாவது 30 சதவீதம். 100 எடுத்தால் 14 டாலர். 400 எடுத்தால் 23 டாலர், 6 சதவீதத்துக்கும் கீழே. முதல் இரண்டும் தொகை எதுவானாலும் மாறாதவை. ஆகவே கப்பல் இயந்திரத்தில் சிறிது சிறிதாக நான்கு தடவை எடுப்பது போன்ற வீண் செலவு வேறில்லை.

டாலரில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இயந்திரம் தருவது டாலராகவே இருந்தாலும், அது வேறொரு நாட்டில் பதிவாகியிருந்தால் சில வங்கிகள் வெளிநாட்டுக் கட்டணத்தைப் போட்டுவிடும்.

வேறு வழியே இல்லை, கப்பல் ஏடிஎம்தான் என்றால்?

ஒரே தடவையில், மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து எடுங்கள். குடும்பத்தில் நான்கு பேர் இருந்தால் ஒருவர் கார்டில் மட்டும் எடுங்கள். பிற வங்கி ஏடிஎம் கட்டணத்தைத் திருப்பித்தரும் டெபிட் கார்டு யாரிடமாவது இருந்தால் அந்தக் கார்டுதான் முதலில் வெளியே வர வேண்டும்.

நேரமும் முக்கியம். இயந்திரம் பொதுவாக கெஸ்ட் சர்வீசஸ் கவுன்ட்டருக்கு அருகிலோ கேசினோ ஓரத்திலோ இருக்கும், கப்பல் முழுக்க ஒன்றிரண்டுதான். துறைமுகத்துக்கு முந்தைய இரவு எல்லோரும் அங்கே நிற்பார்கள், பணம் தீர்ந்தும் போகும். கடலில் கழியும் நாளின் பகல் நேரம் பரவாயில்லை. எந்த நாணயம் வரும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான கப்பல்களில் அமெரிக்க டாலர். ஐரோப்பாவில் ஓடும் சிலவற்றில் யூரோ. டாலரை எடுத்து அதைக் கரையில் யூரோவாக மாற்றினால் இரண்டு தடவை நஷ்டம்.

பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது. என்ன செய்வது?

நடுக்கடலில் ஏடிஎம் செயற்கைக்கோள் இணைப்பில்தான் வேலை செய்கிறது. வங்கி 'சரி' என்று சொன்ன பிறகு இணைப்பு அறுந்தால் இப்படி ஆகும். பதறிப்போய் உடனே மறுபடி முயலாதீர்கள். இரண்டாவது தடவையும் கழியக்கூடும். துண்டுச் சீட்டு வந்தால் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் நேரம், கேட்ட தொகை, இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எண், கப்பலின் பெயர் இவற்றோடு திரையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கெஸ்ட் சர்வீசஸில் தகவல் சொல்லிவையுங்கள், ஆனால் அங்கே பணம் திரும்பக் கிடைக்காது. இயந்திரம் பெரும்பாலும் வெளி நிறுவனத்துடையது. புகாரை உங்கள் வங்கியிடம்தான் கொடுக்க வேண்டும். சில நாளில் தானாகவே திரும்ப வந்துவிடுவதும் உண்டு. வராவிட்டால் நீங்கள் எடுத்த படம் கைகொடுக்கும்.

துறைமுகத்தில் இறங்கி எடுத்தால் மலிவா?

பெரும்பாலும் ஆம், ஆனால் எந்த இயந்திரம் என்பதைப் பொறுத்து. கப்பல் நிற்கும் முனையத்தின் வாசலிலும் நினைவுப்பொருள் கடைகளுக்கு நடுவிலும் நிற்கும் தனி இயந்திரங்கள் சுற்றுலாப் பயணிக்காகவே வைக்கப்பட்டவை. கட்டணம் கூடுதல், மாற்று விகிதம் மோசம். பத்து நிமிடம் ஊருக்குள் நடந்து, உள்ளூர் வங்கிக் கிளையின் சுவரில் பதிந்த இயந்திரத்தைத் தேடுங்கள். உங்கள் வங்கிக்கு அந்த நாட்டில் கூட்டாளி வங்கி இருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுவையுங்கள். இருந்தால் இயந்திரக் கட்டணமே இல்லாமல் போகலாம்.

வங்கிக் கிளையே வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம், கார்டு உள்ளே மாட்டிக்கொள்ளும் ஆபத்து. கிளை திறந்திருந்தால் உள்ளே போய்க் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை, கப்பல் கிளம்ப முக்கால் மணி நேரம் இருக்கும்போது மாட்டிக்கொண்டால் அந்தக் கார்டை மறந்துவிட வேண்டியதுதான். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. எனவே பணம் எடுக்கும் வேலை இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் வழியில் செய்வதல்ல. கப்பல் தள்ளி நங்கூரமிட்டு, டெண்டர் படகில் கரைக்குப் போகும் ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். படகு வரிசையே நேரத்தைத் தின்றுவிடும்.

'உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா?' என்று திரை கேட்கிறது. என்ன பதில் சொல்வது?

வேண்டாம். எப்போதும், எந்த நாட்டிலும் வேண்டாம்.

இந்தத் திரைதான் இந்தப் பக்கத்திலேயே அதிகப் பணத்தை விழுங்குவது, அதனால் நிதானமாகப் பார்ப்போம். பின் நம்பர் போட்டு, தொகையைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு மாற்று விகிதமும் உங்கள் நாட்டுப் பணத்தில் ஒரு மொத்தத் தொகையும் வரும். கீழே இரண்டு பொத்தான்கள். 'ஏற்கிறேன்' என்பது பச்சையில் பளிச்சென்று இருக்கும். 'மறுக்கிறேன்' என்பதைப் பார்த்தால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடும் போலத் தோன்றும். அந்தப் பயத்தில்தான் பலர் பச்சையை அழுத்துகிறார்கள். மறுத்தாலும் பணம் வரும். ரத்தாவது பணமாற்றம் மட்டும்தான். அந்த வேலையை உங்கள் கார்டு நிறுவனம் தன் விகிதத்தில் செய்யும். இயந்திரத்துக்காரர் விகிதம் அதைவிடப் பல சதவீதம் மோசமாக இருப்பது சாதாரணம், சில இடங்களில் 10 சதவீதத்தையும் தாண்டும். சில இயந்திரங்கள் 'நிச்சயமாகவா?' என்று இரண்டாம் முறையும் கேட்கும். மறுபடியும் மறுங்கள்.

கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். கப்பல் கணக்கிலும் கவனியுங்கள். வெளிநாட்டுக் கார்டைப் பதிவுசெய்தால் இறுதித் தொகையை உங்கள் நாட்டுப் பணத்துக்கு மாற்றிக் கழிக்கும் வழக்கம் சில நிறுவனங்களில் உண்டு. முதல் நாளே கெஸ்ட் சர்வீசஸில் போய், 'கப்பலின் நாணயத்திலேயே கழியுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். கடைசி நாள் காலையில் கேட்டால் காரியம் முடிந்திருக்கும்.

கரீபியன் பயணத்துக்கு அமெரிக்க டாலர் மட்டும் போதுமா?

பெரும்பாலும் போதும். போர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க வர்ஜின் தீவுகள், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், டர்க்ஸ் கைகோஸ், பொனேர் ஆகியவற்றில் டாலரே அதிகாரபூர்வ நாணயம். பஹாமாஸ் டாலர் அமெரிக்க டாலருக்குச் சமம். இரண்டும் கலந்தே புழங்கும். பார்படோஸிலும் பெலிஸிலும் ஓர் அமெரிக்க டாலருக்கு உள்ளூர் டாலர் 2. அப்பகுதியின் பல தீவுகள் பொதுவாகப் பயன்படுத்தும் கிழக்குக் கரீபியன் டாலர் என்றால் 2.70. இந்த விகிதங்கள் நிலையானவை என்பதால் கடைக்காரர் சொல்லும் கணக்கை மனத்திலேயே சரிபார்க்கலாம்.

கேமன் தீவுகளில்தான் ஏமாறுவார்கள். அங்கே உள்ளூர் டாலர் அமெரிக்க டாலரைவிட மதிப்பு கூடியது: 1 கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர். விலைச்சீட்டில் 25 என்றிருந்தால் உங்கள் கையிலிருந்து குறைந்தது 30 போகும். டாக்ஸியில் ஏறுமுன் 'எந்த டாலர்?' என்று கேட்டுவிடுங்கள்.

மீதிச் சில்லறை பெரும்பாலும் உள்ளூர் நாணயத்தில்தான் வரும், அதை ஊருக்கு வெளியே யாரும் வாங்கமாட்டார்கள். அதனால்தான் 1, 5 டாலர் நோட்டுகள் நிறைய வேண்டும். மெக்சிகோவில் டாலரை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் கடைக்காரர் விகிதத்தில். அங்கே அதிகம் செலவு செய்வதென்றால் வங்கி ஏடிஎம்மில் பெசோவாக எடுங்கள். கொசுமெல் போன்ற சுற்றுலா ஊர்களில் டாலர் தரும் இயந்திரங்களும் உண்டு, அவற்றைத் தவிருங்கள்.

ஐரோப்பாவில்?

யூரோ நாடுகளில் ஒரே தடவை எடுத்தால் பல துறைமுகங்களுக்கும் ஆகும். குரோஷியா 2023 முதல், பல்கேரியா 2026 முதல் யூரோவுக்கு மாறிவிட்டன. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அந்த நாட்டுப் பழைய நாணயங்களைத் தேடாதீர்கள். நார்வே, சுவீடன், டென்மார்க் மூன்றும் தத்தம் குரோனரில்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே எங்கும் கார்டு செல்வதால் ரொக்கமே எடுக்காமல் திரும்பிவிடலாம்.

கேசினோவில் கணக்கில் ஏற்றிப் பணமாக்கிவிடலாம் என்கிறார்களே?

நடக்கக்கூடியதுதான். கேபின் கார்டால் ஸ்லாட் மெஷினில் ஒரு தொகையை ஏற்றி, கொஞ்சம் ஆடி அல்லது ஆடாமலே மீதியை கேசியர் கவுன்ட்டரில் ரொக்கமாக வாங்குவது. ஒரு காலத்தில் இதற்குக் கட்டணமே இல்லாததால் இந்த உபாயம் பரவியது. இப்போது பல நிறுவனங்கள் ஏற்றும் தொகைக்கு 3 முதல் 5 சதவீதம் வசூலிக்கின்றன, ஒரு நாளுக்கு உச்சவரம்பும் உண்டு. ஆடாமல் எடுப்பதைக் கவனித்துத் தடுக்கும் கப்பல்களும் இருக்கின்றன.

கணக்குப்படி பார்த்தால், 60 டாலர் அவசரமாக வேண்டுமென்றால் 3 சதவீதம் என்பது 2 டாலருக்கும் கீழே, ஏடிஎம்மைவிட மலிவுதான். ஆனால் மூன்று இடத்தில் கால் வழுக்கும். கேசினோ தொகை தனி வரியாகக் கழிக்கப்பட்டால் உங்கள் கிரெடிட் கார்டு நிறுவனம் அதை ரொக்க முன்பணமாக, அதாவது கார்டில் பணமாகவே எடுத்ததாகக் கருதலாம்; அதன் செலவை அடுத்த கேள்வியில் பாருங்கள். அடுத்தது, கேசியர் கவுன்ட்டர் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது பெரும்பாலும் மூடியிருக்கும், காசு வேண்டிய காலையில் அது பயன்படாது. மூன்றாவதாக ஆடாமல் எழுந்துவர மனவுறுதியும் வேண்டும். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கிரெடிட் கார்டிலேயே ஏடிஎம்மில் எடுக்கலாமா?

கார்டு நிறுவனம் முன்பணக் கட்டணம் போடும், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத அவகாச நாள்கள் இதற்குக் கிடையாது. டெபிட் கார்டு தொலைந்த நாளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எடுத்தால் அன்றைக்கே கப்பல் வைஃபையில் கார்டு கணக்கில் பணம் கட்டிவிடுவது வட்டியைக் குறைக்கும்.

கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுத்தால் என்ன?

ஏற்பார்கள், ஆனால் கொடுக்காதீர்கள். நிறுவனம் உங்கள் செலவுக்கேற்ப அவ்வப்போது ஒரு தொகையை முன்கூட்டியே நிறுத்திவைக்கும். கிரெடிட் கார்டில் அது வரம்பைக் குறைக்கும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் அது உங்கள் சொந்தப் பணம். கணக்கில் 800 இருக்கிறது என்று நம்பிக் கரையில் ஏடிஎம் முன் நிற்பீர்கள், இயந்திரம் 'போதிய இருப்பு இல்லை' என்னும். பயணம் முடிந்து ஒரு வாரம், சமயத்தில் அதற்கு மேலும் அந்தத் தொகை விடுபடாமல் கிடக்கும். செலவுக்குக் கிரெடிட் கார்டு, ரொக்கத்துக்கு டெபிட் கார்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டே இல்லையென்றால் கெஸ்ட் சர்வீசஸில் ரொக்கமாக முன்பணம் கட்டும் வழி பல நிறுவனங்களில் உண்டு. தீரத்தீரக் கட்ட வேண்டும். மீதி கடைசியில் திரும்ப வரும். ப்ரீபெய்ட் ஃபாரெக்ஸ் கார்டும் (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிவைத்த கார்டு) டெபிட் கார்டு போலத்தான்: ஏடிஎம்முக்கு நல்லது, கப்பல் கணக்குக்கு ஒத்துவராது.

ஓடிபி வராமல் போகுமா?

போகும். கடலில் செல்போன் பிடிப்பது கப்பலின் சொந்த நெட்வொர்க். ரோமிங் கட்டணம் கரையைவிடப் பல மடங்கு. அதைத் தவிர்க்க ஃபிளைட் மோடில் வைத்தால் குறுஞ்செய்தி வராது. கிளம்பும் முன் வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் தரும் வசதியை இயக்கிவிடுங்கள். அது வைஃபையில் வேலை செய்யும். வெளிநாட்டில் பணம் எடுக்கும் அனுமதியையும் நாள் வரம்பையும் அங்கேயே திறந்துவையுங்கள். பின் நம்பர் ஆறு இலக்கமென்றால், நான்கு இலக்கம் மட்டும் ஏற்கும் இயந்திரங்கள் இருப்பதால், முடிந்தால் மாற்றிக்கொள்வது நல்லது.

20 டாலர் நோட்டுகளாகவே இருக்கின்றன. சில்லறை எங்கே?

கெஸ்ட் சர்வீசஸில் கட்டணமில்லாமல் மாற்றித் தருவார்கள். முதல் இரவு பத்து மணிக்கு மேல் போனால் வரிசை இருக்காது, சில்லறையும் இருக்கும். பயணத்தின் கடைசி நாள்களில் 1 டாலர் நோட்டு அவர்களிடமே தட்டுப்பாடாகிவிடும். கிழிந்த, எழுத்துப் பட்ட, பழைய வடிவ டாலர் நோட்டுகளைப் பல நாடுகளில் வாங்கமாட்டார்கள், கவுன்ட்டரிலேயே பார்த்துத் திருப்பிக்கொடுங்கள். வெளிநாட்டு நாணயம் மாற்றித் தரும் கப்பல்களும் உண்டு. விகிதம் நன்றாக இருக்காது.

கட்டணமே இல்லாமல் கப்பலுக்குள் ரொக்கம் பெற வழி உண்டா?

ஒன்று உண்டு, பலருக்குத் தோன்றுவதில்லை. கூட வந்த உறவினரிடமோ நண்பரிடமோ கைக்காசு நிறைய இருந்தால், அவர்களுடைய கப்பல் செலவை உங்கள் கார்டில் போட்டுக்கொண்டு, அதே தொகையை அவர்களிடமிருந்து ரொக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள். வேறு அறையின் செலவையும் ஒரே கார்டில் இணைக்க கெஸ்ட் சர்வீசஸில் ஏற்பாடு உண்டு. அப்படி இணைக்கும்போது அவர்கள் அறைக்கு ஒரு உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள். உறவு கெடாது.

கப்பல் கணக்கில் செலவுக்கென்று முன்கூட்டியே போட்டுத் தரப்படும் சலுகைத் தொகையை (ஆன்போர்டு கிரெடிட்) ரொக்கமாக எடுக்கலாமா?

அது எந்த வகை என்று பாருங்கள். திரும்பப் பெறக்கூடியது என்றால் செலவாகாத மீதி கடைசியில் உங்களுக்கு வரும். சில கப்பல்களில் ரொக்கமாக, சிலவற்றில் கார்டில். திரும்பப் பெற முடியாதது என்றால் கப்பலிலேயே செலவழிக்க வேண்டும், இல்லையேல் போச்சு. வீட்டிலிருந்து யாராவது உங்கள் கணக்கில் போடும் பரிசுத் தொகை எந்த வகை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவசரத்துக்குப் பணம் அனுப்பும் வழியாக அதை நம்பக் கூடாது.

கார்டு தொலைந்துவிட்டது, கையில் காசும் இல்லை.

முதலில் ஆப்பில் கார்டை முடக்குங்கள். கப்பலுக்குள் கேபின் கார்டு தொடர்ந்து வேலை செய்யும், பட்டினி கிடக்கமாட்டீர்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டுக்கும் அவசர ரொக்க உதவி உண்டு. உங்கள் வங்கி ஒப்புக்கொண்டால் அடுத்த துறைமுகத்தில் ஒரு முகவரிடம் பணம் கிடைக்கும். வீட்டிலிருந்து வெஸ்டர்ன் யூனியன் வழியாக அனுப்பச் சொல்வதென்றால் அடுத்த துறைமுகத்தில் முகவர் உண்டா, அன்று திறந்திருப்பார்களா என்று பார்த்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். சில பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பலே வாங்கி வைத்திருக்கும், இறங்குமுன் கேட்டு வாங்க மறக்காதீர்கள். இரண்டாவது கார்டைப் பர்ஸில் வைக்காமல் அறைப் பெட்டகத்தில் வைத்திருந்தால் இவ்வளவு அலைச்சலும் இல்லை.

மீந்த பணத்தை என்ன செய்வது?

கப்பலின் நாணயமாக இருந்தால் கடைசி நாளுக்கு முந்தைய மாலை கெஸ்ட் சர்வீசஸில் உங்கள் கணக்கில் கட்டிவிடுங்கள். கிரெடிட் கார்டில் அந்த அளவு குறையும், வெளிநாட்டுக் கட்டணமும் அந்த அளவுக்கு மிச்சம். வேற்று நாணயமென்றால் அந்த நாட்டுக் கடைசித் துறைமுகத்திலேயே செலவழியுங்கள். நாணயக் காசுகளைக் கப்பல் கவுன்ட்டரிலும் மாற்றமாட்டார்கள், ஊரில் பணமாற்றுக் கடையிலும் வாங்கமாட்டார்கள்.